இறந்தும் போகாத காலம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. ஸ்பானிஷ் பாஷையில் இறந்தகாலம் இரண்டு. ஒன்று, இறந்து முடிந்தது. மற்றது, இறந்தும் வீட்டைவிட்டுப் போகாதது. தூத்துக்குடி கித்தேரிக்கு ஞானப்பூ டீச்சர் முதல் பாடத்திலேயே இதைச் சொல்லிவிட்டாள். புருஷன் லேயோன் கப்பலிலிருந்து கடலில் விழுந்து செத்தான் என்று ஸ்பானிஷில்தான் போன் வந்தது. அதனால்தான் கித்தேரி அந்தப் பாஷையைப் படிக்கப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும், அந்தப் போகாத காலத்தில், "லேயோன் கோமீயா" என்றாள். லேயோன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று அர்த்தம். அடுக்களையில் லேயோன் உட்கார்ந்து சீலாமீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். குழம்பும் குறையவில்லை, அவனும் எழுந்திருக்கவில்லை.

"ஏட்டி, விடிஞ்சதுலருந்து என்ன கோமியம் கோமியம்னுட்டு இருக்க?" என்றாள் பக்கத்து வீட்டு மரியபுஷ்பம்.

"கோமியம் இல்லக்கா, கோமீயா. கோமியோன்னு வாய் தவறிட்டா, சாப்பிட்டு முடிச்சுட்டுப் போயிருவாவ."

"அப்ப இழுத்தே சொல்லு தாயி. தம்பிக்குக் கொஞ்சம் ரசம் தாரேன்."

கப்பலுக்குக் கிளம்பிய அன்று புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை. வாசலில் நின்று அவன் என்னமோ சொன்னான். இவள் வேண்டுமென்றே மிக்ஸியை ஓட்டினாள். இப்போது அந்தச் சொல் வேண்டும். 'சொல்லிக்கொண்டிருந்தான்' என்று போகாத காலத்தில் சொல்லிப் பார்த்தாள். "கி... கி... கி..." என்று அவள் பெயரின் முதல் எழுத்திலேயே அவன் நின்றுகொண்டான்.

"ஒரு தடவை நடந்ததை முடிஞ்ச காலத்துலதாம்ட்டி சொல்லணும்," என்றாள் டீச்சர். "சொல்லுவாரு. சொல்லிட்டுப் போயிருவாரு. ஆள் பேரை அடுத்து வினையைப் போட்டுரு. தமிழ் மாதிரி வால்ல கட்டாத, இயல்பா இருக்காது."

கித்தேரி இயல்பாகப் பேசவில்லை. அவன் எதிரே உட்கார்ந்து, ஸ்பானிஷில், லேயோன் என்றாள். அவன் கையை உதறிவிட்டு நிமிர்ந்தான். எனக்கு என்றாள். அவளைப் பார்த்தான். அன்றைக்கு, வாசலில் என்றாள். வாயைத் திறந்தான். பாக்கி 'சொன்னான்' ஒன்றுதான். அதைச் சொல்லவில்லை. பெட்டியோடு, நீலச் சட்டையோடு, வெயிலில், உப்புக் காற்றில் என்று அடுக்கிக்கொண்டே போனாள். அவனும் திறந்த வாயோடு அவளையே பார்த்திருந்தான்.

தெரிந்த சொல்லெல்லாம் தீர்ந்தது. வாக்கியம் அறுந்துவிடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மதில் மேல் கிண்ணத்தை நீட்டினாள். மரியபுஷ்பம், மகன் கப்பலிலிருந்து கொண்டுவந்திருந்த 'லிமோன்' என்ற சொல்லை அதில் போட்டாள். எலுமிச்சை.

கித்தேரி அதை இரண்டாக நறுக்கி, பாதியை வாக்கியத்தில் சேர்த்து, பாதியை நாளைக்கு எடுத்துவைத்தாள்.