தூம்பாவில் போன மதலேன்

எனக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் போகாது. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து மதலேன் என்மேல் சொல்லும் ஒரே குறை அதுதான். எழுபத்தைந்தாம் வருஷம் வந்த கோபம் ஒன்று நான்கு வருஷம் நின்றது.

சங்கதி இதுதான். காரைக்கால் பக்கம் பூவத்தை ஒட்டிய எங்கள் ஊர் மாதா கோயிலுக்குச் சொந்தமாக ஒரு தூம்பா உண்டு. யார் செத்தாலும் அந்தப் பெட்டியில் வைத்துத்தான் கல்லறைக்குத் தூக்கிப் போவோம். அடக்கம் முடிந்ததும் பெட்டி கோயிலுக்குத் திரும்பிவிடும். தூக்குவதற்கு நாலு ஆள். வருஷா வருஷம் ஈஸ்டர் முடிந்ததும் ஊர் கூடிப் பேர் சொல்லும். அதில் என் பேர் இருந்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

ஒரு சாவின்போது பாதி வழியில், அத்தனை பேர் முன்னாலும், கூடத் தூக்கி வந்த இன்னாசி சொன்னான்: “ராயப்பா, நீ குள்ளம். ஒம் பக்கம் பொட்டி சாயிது. விட்டுட்டு ஒதுங்கிக்க.”

ஒதுங்கினேன். நேரே வீட்டுக்கு வந்தவன்தான், அப்புறம் கோயில் படியை மிதிக்கவில்லை. ஆண்டவர் என் வயல் வரப்பிலும் இருக்கிறார், அவரைக் கும்பிட இன்னாசி மூஞ்சியில் விழிக்க வேண்டுமா என்று மதலேனிடம் கத்தினேன். நான் இல்லாமல் தான் மட்டும் போய் நின்றால் கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது என்று அவளும் நின்றுவிட்டாள். முதலில் கொஞ்ச நாள் யார் யாரோ வீடு தேடி வந்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு வரத்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும்போதெல்லாம் மதலேன் கைவேலையை விட்டுவிட்டுச் சும்மா நிற்பாள். நான் பார்க்காதது போல இருப்பேன். என் வீம்புக்கு அவளையும் பட்டினி போட்டிருக்கிறேன், பாவி.

எழுபத்தொன்பது ஐப்பசி. நாலு நாளாக மழை. உச்சிவேளையில் களை பறித்துக்கொண்டிருந்தவளின் காலில் விரியன் கடித்துவிட்டது. கண் முன்னாலேயே கால் வீங்கியது. எங்கள் வீடு வயலுக்கு நடுவே இருக்கிறது. தார் ரோட்டுக்கு ஒரு மைல் வரப்பு, முழுக்கச் சேறு. தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன். பக்கத்து வயல் செல்லையன் ஓடிவந்து அவளை வரப்போர மேட்டில் படுக்க வைத்தான்.

“கோயில் மணிய அடிச்சா ஒங்க ஆளுங்க வருவாங்கல்ல?”

“எனக்காவ ஒருத்தனும் வரமாட்டான்.”

அவன் அதைக் காதிலேயே வாங்கவில்லை. ஓடினான். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் போய்விட்டால் தூக்க நாலு தோள் கிடைக்குமா என்றுகூட அந்த நேரத்தில் புத்தி ஓடியது. யாரும் வராமல் போனால் அவளைக் கொன்றது பாம்பு இல்லை, நான்தான்.

மணி கேட்டது. ஆபத்து என்றால் விடாமல் அடிக்க வேண்டும். விட்டு விட்டு ஒவ்வொன்றாக அடித்தால் சாவு. செல்லையனுக்கு இது எப்படித் தெரியும், அவன் பிள்ளையார் கோயில்காரன். நனைந்த கயிறு கனத்ததோ என்னவோ, ஒவ்வொன்றாக அடித்தான். மணி கேட்டு வந்தவர்களிடம் ராயப்பன் பொண்டாட்டி என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டி பிடிக்க ரோட்டுக்கு ஓடிவிட்டான்.

கால் மணி நேரத்தில் வரப்பு நிறைய ஆள். முன்னால் இன்னாசி, தோளில் தூம்பா. பின்னால் பெண்கள் முக்காடு போட்டு அழுதுகொண்டு வந்தார்கள். மதலேன் கண்ணைத் திறந்து பெட்டியைப் பார்த்தாள். யாருக்கு என்று முனகினாள். அழுகை பட்டென்று நின்றது.

விரியன் என்றேன். இன்னாசி அவள் காலைப் பார்த்தான், வரப்பைப் பார்த்தான், பெட்டியை இறக்கச் சொன்னான். உயிரோடு இருக்கிறவளைத் தூம்பாவில் ஏற்றுவதா என்று பெண்கள் பதறினார்கள். மதலேன்தான் முடித்து வைத்தாள்.

“ஏத்துங்க. திரும்ப எறக்கிவிடத்தான் நீங்கல்லாம் இருக்கீங்களே.”

நாலாவது ஆள் அன்று ஊரில் இல்லை. மூன்று பேர்தான் தூக்கி வந்திருந்தார்கள். நான் கேட்கவில்லை, காலியாக இருந்த மூலையில் போய்த் தோளைக் கொடுத்தேன். பெட்டி என் பக்கம் சாய்ந்தது. இன்னாசி திரும்பிப் பார்த்தான். முழங்காலை மடக்கினான். அவனைப் பார்த்து மற்ற இரண்டு பேரும் மடக்கினார்கள். பெட்டி நேரானது. அந்த ஒரு மைலும், சேற்றில், அந்த நெட்டைப் பயல்கள் மூவரும் என் உயரத்துக்குக் குனிந்தே நடந்தார்கள். நான் வழி நெடுக அழுதேன்.

ரோட்டில் செல்லையன் ஒரு மீன் வண்டியை மடக்கி வைத்திருந்தான். காரைக்கால் ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டார்கள். பின்னாலேயே பஸ் பிடித்து இருபது பேர் வந்து சேர்ந்தார்கள். பொழுது சாயும்போது டாக்டர் வந்து பிழைத்துக்கொள்வாள் என்றார். சொந்தக்காரர்கள் மட்டும் இருங்கள், மற்றவர்கள் கிளம்புங்கள் என்றாள் நர்ஸ். ஒருவரும் நகரவில்லை. இடுப்புவரை சேறாக நின்ற இன்னாசியிடம், நீங்கள் நோயாளிக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான்.

“எங்க கோயிலுங்க,” என்றேன். “எல்லாரும் எங்க கோயிலு.”

அவள் என்ன நினைத்தாளோ, உள்ளே போய்விட்டாள். இன்னாசி சுவரோரம் சரிந்து உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் காலை இழுத்து என் மடியில் வைத்து அமுக்கிவிட்டேன்.