டெரிக் ஹார்க்கர் வைத்த தேர்வு

தடால் என்று ஒரு சத்தம். கழகத்துச் சமையலறை வாசலில் பதினோரு தேநீர்க் கோப்பைகள் சுக்குநூறாகக் கிடந்தன. அவற்றைத் தூக்கி வந்த டெரிக் ஹார்க்கர், கைகளை இன்னும் தட்டு ஏந்துவதுபோலவே வைத்துக்கொண்டு, சுவரிலிருந்த தொலைக்காட்சியைப் பார்த்து நின்றார்.

தொலைக்காட்சியிலும் ஒரு டெரிக் ஹார்க்கர் நின்றுகொண்டிருந்தார்.

அதே பச்சைத் தொப்பி. சட்டைப் பையில் அதே மூன்று பேனாக்கள். டையின் நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் அதே பழக்கம். திரையிலிருந்தவர் டேனிஷ் மொழியில் பேசினார், கீழே ஆங்கில எழுத்து ஓடியது. வித்தியாசம் அவ்வளவுதான்.

“யோவ் டெரிக், நடிக்கப் போனதைச் சொல்லவேயில்லையே!” என்று கத்தினார் கீத்.

“நீ உக்காரு டெரிக், நான் பெருக்கறேன்” என்று க்வென் துடைப்பத்தோடு வந்தாள்.

“ஸாரி” என்றார் டெரிக். க்வெனிடம் சொன்னாரா, உடைந்த கோப்பைகளிடம் சொன்னாரா தெரியவில்லை. அதே நொடியில் திரையிலிருந்தவர் ஒரு விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டு, கம்பத்திடம் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். கூடமே சிரிப்பில் அதிர்ந்தது.

இங்கிலாந்துக் கடற்கரை ஊரான ஸ்கார்பரோவில் எங்களுடையது புல்தரையில் பந்து உருட்டுகிறவர்களின் கழகம். அன்று சனிக்கிழமை மழை. உருட்ட வழியில்லாமல் இருபது பேரும் உள்ளே உட்கார்ந்துவிட்டோம். டென்மார்க்கில் சக்கைப்போடு போட்ட நகைச்சுவைத் தொடர் ஒன்று, ஓர் ஆங்கிலேய மாமனாரைப் பற்றியது, அன்றைக்குத்தான் எங்கள் நாட்டில் முதல்முறையாக வந்தது. எழுதியவன் பெயர் யெப்பே. டெரிக்கின் ஒரே மகள் ஜோசியைக் கட்டிக்கொள்ளப் போகிறவன்.

அவன் தொலைக்காட்சிக்கு ஏதோ எழுதுகிறான் என்று டெரிக்குக்குத் தெரியும். தன்னை எழுதுகிறான் என்று தெரியாது.

கல்யாணம் ஆகஸ்ட்டில், டென்மார்க்கில் அவர்கள் ஊரான ஆர்ஹுஸில். மூன்று மாதமாக அழைப்பிதழ் டெரிக்கின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. வருவீர்களா என்று ஜோசி போனில் கேட்கும்போதெல்லாம் “பார்க்கலாம்” என்றார். டெரிக்கின் ‘பார்க்கலாம்’ எங்கள் எல்லோருக்கும் பழக்கம். முப்பத்தொரு வருடம் கார் ஓட்டும் தேர்வு வைத்த அதிகாரி அவர். அந்தக் கூடத்தில் பாதிப் பேரை ஒருமுறையாவது ஃபெயில் ஆக்கியிருக்கிறார். கீத்தை மூன்று முறை.

நேரில் கேட்டு ஒரு முடிவு தெரிந்துகொள்ளலாம் என்று ஜோசியும் யெப்பேயும் அன்று நாலு மணிக்கு வருவதாக இருந்தது.

திரையில் ஒருவன் நடுத்தெருவில் குனிந்து ஷூ நாடா கட்டினான். பின்னால் வந்த மாமனார் மரியாதையாக அவனுக்குப் பின்னே நின்றார். அவர் பின்னால் இன்னொருவர், அப்புறம் ஒரு குடும்பம். வரிசை தெருமுனை தாண்டிப் போனது. எதற்கு நிற்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை.

“நம்மளக் கிண்டல் பண்ண நம்ம ஆளுங்களுக்குத் தெரியாதா?” என்றார் கீத், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “இதுக்குன்னு டென்மார்க்லேர்ந்து ஒருத்தன் வரணுமா?”

“போன வாரம் தபால் ஆபீஸ்ல மூடின கவுண்டர் முன்னாடி இருபது நிமிஷம் நின்னது யாரு? நீதானே?” என்றாள் க்வென்.

“முன்னாடி ஒருத்தர் நின்னாரு. அவரு நிக்கறாரேன்னு நின்னேன்.”

எங்களைக் கோழை என்று காட்டினாலும் கஞ்சன் என்று காட்டினாலும் கைதட்டுவோம். பல்லைக் கிண்டல் செய்தால் பல்லைக் காட்டிச் சிரிப்போம். ஆனால் அடுத்த காட்சியில் அந்த நடிகர் கோப்பையில் முதலில் பாலை ஊற்றி, அந்தப் பாலில் தேயிலைப் பையைப் போட்டு, பிறகு வெந்நீர் விட்டார். கூடம் கப்சிப் ஆகிவிட்டது.

“த்தூ” என்றார் கீத். “பால் கடைசிலதான்யா ஊத்தணும். இதுக்குப் பேரு அவமானம்.”

டெரிக் அலமாரியிலிருந்து எழுதும் அட்டை ஒன்றை எடுத்து, காகிதம் செருகி, பேனாவைத் திறந்தார். தேர்வின்போது காரில் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் தப்புகளை அவர் அப்படித்தான் குறித்துக்கொள்வார்.

கதவு திறந்து, நனைந்தபடி ஜோசியும் யெப்பேயும் உள்ளே வந்தார்கள். ஜோசி முதலில் திரையைப் பார்த்தாள். அடுத்து அப்பாவின் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள்.

“ஐயோ, இன்னிக்கா போடறாங்க?”

“வாங்க, வாங்க. மழை நல்லா பிடிச்சிக்கிச்சு” என்றார் டெரிக். யெப்பேயின் கையைக் குலுக்கினார். “உங்க தொடர் ரொம்ப சுவாரஸ்யமா இருக்கு.”

யெப்பேயின் முகம் மலர்ந்தது. “நன்றி டெரிக்! பிடிக்குமோ பிடிக்காதோன்னு பயந்துட்டே இருந்தேன்.”

ஜோசி அவன் விலாவில் இடித்தாள். “அது பாராட்டு இல்ல. சும்மா இரு.”

உண்மைதான். ‘நீங்க வண்டி ஓட்டற விதம் சுவாரஸ்யமா இருக்கு’ என்று அவர் ஒருமுறை என்னிடமும் சொல்லியிருக்கிறார். அன்று நான் ஃபெயில்.

கடைசிக் காட்சி. ரயில் நிலையம். மாமனார் மகளை டென்மார்க்குக்கு வழியனுப்ப வந்திருக்கிறார். கையை ஒருமுறை ஆட்டி, “பார்த்துப் போ” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறார். ரயில் நகர்கிறது. கொட்டும் மழையில், குடையில்லாமல், அவர் கால அட்டவணைப் பலகையின் முன் போய் நின்று அதையே படிக்கிறார். ஒரு ரயில் வந்து போகிறது, இன்னொன்று வருகிறது. படித்துக்கொண்டேயிருக்கிறார். பின்னாலிருந்து பார்த்தால் தோள்கள் மட்டும் குலுங்குகின்றன.

இந்த இடத்தில் சிரிப்பதா வேண்டாமா என்று எங்களுக்குப் புரியவில்லை. யாரோ ஒருவர் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார்.

“இது மட்டும் சுத்தக் கற்பனை” என்று ஜோசி அவசரமாகச் சொன்னாள். “நான் டென்மார்க் போன அன்னிக்கு எங்கப்பா ரயில் கிளம்பறதுக்கு முன்னாடியே போயிட்டார். கார் நிறுத்தற நேரம் முடிஞ்சிடுச்சாம். யெப்பே, நீ கடைசி நிமிஷத்துல தண்ணி வாங்க இறங்கினியே, அவர் அங்க இருந்தாரா என்ன?”

“கவனிக்கல” என்றான் யெப்பே, தன் காலணியைப் பார்த்தபடி.

டெரிக் நிமிர்ந்து அவனை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தொலைக்காட்சியை நிறுத்தினார்.

“சின்னத் தப்பு பதினஞ்சு” என்று படிக்க ஆரம்பித்தார். “ஒண்ணு, தேநீர். ரெண்டு, வட்டச் சந்திப்புல தப்பான பக்கம் சைகை காட்டறார். மூணு, அந்தத் தொப்பி வீட்டுக்குள்ள போட மாட்டோம்...”

“பதினஞ்சு வரைக்கும் பாஸ்தானே டெரிக்?” கீத்தின் கண்கள் பளபளத்தன. “பதினாறானாத்தானே ஃபெயில்? எனக்குத் தெரியாதா!”

“பெரிய தப்பு ஒண்ணு” என்றார் டெரிக். “பெரிய தப்பு ஒண்ணு இருந்தாலே ஃபெயில்.”

ஜோசியின் குரல் உயர்ந்தது. “அப்பா, இது தேர்வு இல்ல. என் கல்யாணம். உங்களக் கிண்டல் பண்ணிட்டான்னு கோவம்னா திட்டுங்க, கத்துங்க. வர்றேன், இல்ல வரமாட்டேன், ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. ‘பார்க்கலாம்’ மட்டும் வேண்டாம்.”

டெரிக் டையின் நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வெகுநேரம் துடைத்தார்.

“ஃபெயிலானவங்களுக்கு மறுதேர்வு உண்டு” என்றார் கடைசியில். “ஆகஸ்ட்ல அங்க வந்து நானே வைக்கிறேன். முன்வரிசையில ஒரு நாற்காலி போட்டு வைங்க.”

ஜோசி வாயைப் பொத்திக்கொண்டாள். யெப்பே தொண்டையைச் செருமினான்.

“அந்தப் பெரிய தப்பு என்னன்னு சொல்லுங்க டெரிக். திருத்திடறேன்.”

டெரிக் காகிதத்தை நாலாக மடித்து அவன் சட்டைப் பையில் செருகினார்.

“ஸ்டேஷன் காட்சி” என்றார். “அன்னிக்கு மழையே பெய்யல.”