அந்தரத்தில் ஒரு பேருந்து

அலுவலகத்தில் அவனைப் பொட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் எளிது. புது வீடியோ விளையாட்டு ஒன்றைச் சோதித்துப் பார்க்கும்போது யாரும் முதலிலேயே படம் வரைவதில்லை. வீட்டுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி, பேருந்துக்கு ஒரு நீளப் பெட்டி, மனிதனுக்கு ஒரு சின்னப் பெட்டி என்று வைத்து, அசைவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். மற்றவர்கள் ஒரு வாரத்தில் பெட்டியை எடுத்துவிட்டுப் படத்தைப் போட்டுவிடுவார்கள். இவனுக்குப் பெட்டியே போதும்.

பழங்களை மும்மூன்றாகச் சேர்த்து வெடிக்கவைக்கும் விளையாட்டுகளை எட்டு வருடமாகச் செய்தவனுக்கு இப்போது ஒரு வாய்ப்பு. சூப்பர் ஹீரோ விளையாட்டு. அந்த ஹீரோவுக்குப் பறக்கத் தெரியாது, சுடத் தெரியாது. எதை வேண்டுமானாலும் தூக்குவான், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மேலாளர் பதினைந்து நிமிடம் விளையாடிப் பார்ப்பார். பிடித்துவிட்டால் ஒரு வருடம் இதே வேலை. இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் மறுபடியும் பழம்.

"இன்னொரு ஆரஞ்ச வெடிக்க வெச்சேன்னா நானே வெடிச்சிருவேன்க்கா" என்றான் ஞாயிற்றுக்கிழமை, மடிக்கணினியை அக்கா முன்னால் வைத்து.

அக்கா கிரேன் ஓட்டுபவள். திரையில், பாலத்து விளிம்பில் தொங்கிய பேருந்தை ஹீரோ ஒற்றைக் கையால் தூக்கினான்.

"எங்கடா எறக்கப் போறான்?"

"அது அப்புறம்க்கா. மொதல்ல தூக்கணும்ல?"

"எறக்குற எடத்தப் பாக்காம எவனாவது தூக்குவானா? சரி, அவன் கால்ல என்ன போட்ருக்கான்?"

"பூட்ஸ்."

"பன்னெண்டு டன்னுடா. அத்தனையும் அவன் ரெண்டு பாதம் வழியாத்தான் தரைக்குப் போகும். ஈரமண்ணுல ஆணி மாதிரி எறங்கிருவான். எங்க கிரேனுக்கே நாலு பக்கமும் காலை விரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் அடியில கனமான பலகை போட்டாத்தான் கொக்கியவே தொடுவேன்."

பொட்டிக்கு முகம் மலர்ந்தது. எடை எங்கிருந்து எங்கே போகிறது என்று யாராவது விளக்கினால் அவனுக்குச் சாப்பாடு கூட வேண்டாம். நான்கு நாளில் அத்தனையையும் எழுதிவிட்டான். பலகை இல்லாமல் தூக்கினால் ஹீரோ இடுப்புவரை புதைந்தான். தூக்கிய பொருள் காற்றில் ஊசலாடியது. மழை பெய்தால் மண் இளகியது. சுற்றி நிற்பவர்களை விரட்ட ஹீரோவுக்கு ஒரு குரல் வேண்டியிருந்தது. தற்காலிகமாக அக்காவின் குரலையே சமையலறையில் பதிவு செய்துகொண்டான்: "தள்ளுங்க, தள்ளுங்க! என்ன வேடிக்கை?"

"முதுகுல பறக்குற துணி எங்கய்யா?" என்று கேட்டார் ஓவியர்.

"சுமையில சிக்கிக்கும் சார்."

வெள்ளிக்கிழமை மேலாளர் விளையாடினார். பலகை அடுக்க ஆறு நிமிடம். மட்டம் பார்க்க மூன்று. கூட்டத்தை விரட்ட நான்கு. அக்காவின் குரலுக்குப் பெட்டிகள் ஒழுங்காக விலகின. பதினான்காவது நிமிடம் பேருந்து மெல்ல எழுந்தது. பதினைந்தாவதில் அலாரம் அடித்தது.

"வில்லன் யாரு?" என்றார் மேலாளர்.

"ஈரமண்ணு, மேடம்."

"அத போஸ்டர்ல எப்பிடிப் போடுறது?"

பொட்டி திரையில் இருந்த மண்ணைச் சுட்டிக்காட்டினான்.

"தப்பா எடுத்துக்காத. திங்கள்லேருந்து பழத்துக்கே போயிரு. அன்னிக்குப் பத்தரைக்கு இந்த ஃபோல்டர அழிக்கச் சொல்றேன்." இதைச் சொல்லி முடிக்கும்வரை அவர் கட்டைவிரல் தூக்கும் பொத்தானை விடவில்லை.

வீட்டில் அக்கா கேட்டாள். "என்னாச்சு?"

"வேணாம்னுட்டாங்க."

"பஸ்ஸு?"

"மேல இருக்கு."

அக்கா தட்டிலிருந்து கையை எடுத்தாள். "மேலன்னா?"

"தூக்கும்போது டைம் முடிஞ்சிருச்சு. அப்பிடியே மூடிட்டோம்."

"உள்ள ஆளு?"

"முப்பத்தெட்டு. எல்லாம் பொட்டிதான்க்கா."

"சுமைய அந்தரத்துல தொங்கவிட்டுட்டு சாப்பிட வந்துட்டியா? இருபது வருசத்துல நான் ஒருநாள், ஒரே ஒருநாள் அப்பிடி எறங்கி வந்திருப்பேனா?"

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அக்கா அவனோடு வானிலை தவிர வேறு எதுவும் பேசவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே அலுவலகம் வந்து, விளையாட்டை விட்ட இடத்திலிருந்து திறந்தான். அப்போதுதான் தெரிந்தது: ஹீரோ நிற்கும் இடத்தில் மட்டும்தான் மேலாளர் பலகை போட்டிருந்தார். பேருந்தை இறக்க வேண்டிய இடத்தில் ஒன்றுகூட இல்லை. ஹீரோவின் கையில் பேருந்து. ஒரு காலால் பலகையைத் தள்ளி, அதில் ஏறி, அடுத்ததைத் தள்ளி, அங்குலம் அங்குலமாக நகர வேண்டியிருந்தது. திரையில் தூறல் ஆரம்பித்தது. அதுவும் அவன் எழுதியதுதான்.

ஒன்பதரைக்கு அவன் முதுகுக்குப் பின்னால் காபி வாசனை வந்தது.

"இடது காலுக்குப் பலகை பத்தாது" என்றார் மேலாளர்.

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சா தள்ளேன்." அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பத்து இருபத்தெட்டுக்குப் பின்சக்கரம் தரையைத் தொட்டது, பிறகு முன்சக்கரம். கதவு திறந்தது. முப்பத்தெட்டு சின்னப் பெட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. எதுவும் நன்றி சொல்லவில்லை. அந்த வசனத்தை அவன் எழுதியிருக்கவில்லை.

கணினிப் பிரிவு ஆள் எட்டிப் பார்த்தார். "அழிச்சிரலாமா மேடம்?"

"கடைசிப் பொட்டி எறங்கட்டும்."

இறங்கியது.

"இப்ப அழி."

பொட்டி கைபேசியை எடுத்து அக்காவுக்கு அனுப்பினான்: 'எறக்கியாச்சு. யாருக்கும் அடியில்ல.'

உடனே பதில் வந்தது. 'பலகைய எல்லாம் எடுத்து அடுக்குனியா?'

அவன் திரையைப் பார்த்தான். ஃபோல்டர் போய்விட்டிருந்தது. 'அடுக்கிட்டேன்' என்று தட்டிவிட்டு, ஆரஞ்சைத் திறந்தான்.