பதினோராவது பட்டன்

பட்டன். பட்டன். பட்டன்.

ஹெட்போனுக்குள் ஒரு பெண்குரல் ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லிக்கொண்டே போனது. அவர் அடுத்த பட்டனுக்குத் தாவும் டாப் விசையைத் தட்டித் தட்டி மனதுக்குள் எண்ணினார். ஏழு, எட்டு. பின்னால் யாரோ நாற்காலியை இழுத்த சத்தத்தில் எண்ணிக்கை தப்பியது. மறுபடி ஒன்றிலிருந்து.

அலுவலகத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயர். திரையில் இருப்பதை அவருடைய கணினி வாய்விட்டுப் படிப்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். பிறவியிலேயே பார்வை இல்லை. ஒன்பது வருடமாக இங்கே நிரல் எழுதுகிறார். எழுதிய நிரலெல்லாம் சேர்ந்திருக்கும் இடம் ரெப்போ. யார், என்றைக்கு, எந்த வரியை மாற்றினார்கள் என்கிற கணக்கும் அதிலேயே கிடக்கும். இத்தனை வருடமும் அதைக் கறுப்புத் திரையில் கட்டளை தட்டித்தான் திறந்தார். ஒரு வரி தட்டினால் குரல் பதிலைப் படித்துவிடும். கண்ணுள்ளவர்கள் மவுஸைத் தேடி எடுப்பதற்குள் அவர் பாதி வேலையில் இருப்பார்.

மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு சுற்றறிக்கை வந்தது. பாதுகாப்பை முன்னிட்டு, கறுப்புத் திரை இனி கிடையாது. புதிதாக வாங்கிய மென்பொருளில்தான் ரெப்போக்களைத் திறக்க வேண்டும்.

"எல்லாம் படம்தான். சின்னக் குழந்தைகூடத் திறந்துடும்," என்றார் மேலாளர்.

கோப்புறையை மவுஸால் பிடித்து இழுத்து நடுவில் போட்டால் ரெப்போ திறக்கும். இல்லாவிட்டால் மேல் வரிசையில் இருக்கும் படங்களில் ஒன்றை அழுத்த வேண்டும். அந்தப் படங்களுக்குள் அவற்றின் பெயரை எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அதனால் குரலுக்குத் தெரிந்தது ஒரே சொல்தான்.

உதவிப் பிரிவுக்கு எழுதினார். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. அதைப் பக்கத்து மேசைப் பெண்ணிடம் சொன்னார்.

"எது தெரியலைன்னு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பணுமாம்மா."

"வெறும் தாளை அனுப்புங்கண்ணா. சரியா இருக்கும்."

இருவரும் சிரித்தார்கள். அதன்பின் தினமும் காலையில் அவள்தான் வந்து அவருக்கு ரெப்போவைத் திறந்து கொடுத்தாள். மாலையில் அவர் எழுதியதை உள்ளே ஏற்றியும் வைத்தாள். ஒரு மாதம் ஓடியது. பிறகு அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது: அடுத்தவர் கணினியைத் தொடுவது விதிமீறல். அவள் ஒரு வருட ஒப்பந்தத்தில் இருப்பவள்.

"பார்த்துக்கலாம்ணா, எனக்கு ஒண்ணும் ஆகாது."

"வேண்டாம்மா. உன் பொழப்புல மண்ணைப் போட்டு எனக்கு ஒரு ரெப்போ திறக்கணுமா?"

கடைசியாக ஒருநாள் அவள் அருகில் நின்று எண்ணிச் சொன்னாள். திறப்பது பதினோராவது பட்டன். உள்ளே ஏற்றுவதற்கான பட்டனைத் தேடுவதற்குள் மேலாளர் வரும் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் நகர்ந்துவிட்டாள்.

அந்த வாரம் பேருந்து நேர அட்டவணைக்கான நிரலை நாலு நாள் உட்கார்ந்து எழுதினார். ஏற்ற வழி தெரியாமல் அது அவருடைய கணினியிலேயே கிடந்தது. ஐந்தாம் நாள் காலை, இன்னொரு ரெப்போவையும் திறக்க வேண்டியிருந்தது. எண்ணினார். பதினொன்று. அழுத்தினார். ஏதோ பெட்டி வந்தது. "பட்டன். பட்டன்," என்றது குரல். வழக்கம்போல என்டரைத் தட்டினார்.

பேருந்து நிரலைப் படிக்கச் சொன்னார். குரல் போன வாரத்து வரிகளைப் படித்தது. நாலு நாளில் எழுதிய எதுவும் அதில் இல்லை.

"அம்மா, அந்தப் பதினொண்ணு என்ன படம்னு தள்ளி நின்னே பார்த்துச் சொல்லேன்," என்று பக்கத்து மேசைப் பெண்ணைக் கேட்டார்.

அவள் எட்டிப் பார்த்தாள். முந்தைய நாள் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டிருந்தது. வரிசையில் புதிதாக ஒரு படம் நுழைந்திருந்தது.

"குப்பைத்தொட்டிண்ணா. இன்னும் ஏத்தாததை அழிக்கிறது," என்றாள்.

மேலாளர் அறையில் ஏசி உறுமிக்கொண்டிருந்தது.

"நாலு நாள் வேலை போச்சு. பதிவுல உங்க பேருதான் இருக்கு."

"என் பேரு இருக்கு சார், பட்டனுக்குத்தான் பேரு இல்லை. ஒன்பது வருஷத்துல ஒரு வரி தொலைச்சிருக்கேனா? கறுப்புத் திரையைத் திறந்து விடுங்க, ரெண்டு நாள்ல திரும்ப எழுதித் தர்றேன்."

"ஒருத்தருக்காக விதியை மாத்த முடியாது."

"மாத்தினதே நீங்கதானே சார்! பொறந்ததுலேர்ந்து எனக்குக் கண்ணு தெரியாது. ஆனா இந்த ஆபீஸ்ல மூணு மாசமாத்தான் நான் குருடன்."

மேலாளர் பேனாவை மூடும் சத்தம் கேட்டது. "உணர்ச்சிவசப்படாதீங்க. வெள்ளிக்கிழமை பணியாளர் பிரிவுல போய்ப் பாருங்க."

"எதுலயும் கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க," என்று சொல்லித்தான் மனைவி வெள்ளிக்கிழமை காலை அவரை அனுப்பி வைத்தாள்.

பணியாளர் பிரிவுப் பெண் தண்ணீர் கொடுத்தாள். மென்மையாகப் பேசினாள். கையெழுத்துக் கேட்கவில்லை. ஒரு டேப்லெட்டை அவர் முன் நகர்த்தினாள்.

"இதுல நீங்களே தொட்டு விடணும் சார். உங்களுக்குப் பதிலா நாங்க தொட்டா தப்பு."

விரலால் தடவிப் பார்த்தார். மேடு பள்ளம் எதுவுமில்லாத வழவழப்பான கண்ணாடி.

"என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

"எல்லாருக்கும் உள்ள படிவம்தான் சார். வேலையை விட்டுப் போற காரணம் கேக்குது. சொந்த விருப்பம்னு போட்டா அடுத்த இடத்துல உங்களுக்கே நல்லது."

"நான் விரும்பலையே."

அவள் எழுந்து அருகில் வந்தாள். அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, ஆள்காட்டி விரலைத் தனியே நீட்டி, கண்ணாடியில் ஓரிடத்தில் வைத்து அழுத்தினாள். அவர் கையை உருவிக்கொள்வதற்குள், "அவ்ளோதான் சார். நன்றி," என்றாள்.

"எதை அழுத்தினீங்க?"

விரல் பட்ட இடத்தை அவள் துணியால் துடைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.