வெல்டிங் டிராப்ஸ்

மர்பி டவுனில் புருஷனின் சட்டைப் பையைத் தடவிப் பார்க்காத பெண்சாதி கிடையாது. ஒருத்தி குவார்ட்டர் பாட்டிலைத் தேடுவாள், ஒருத்தி பீடிக்கட்டைத் தேடுவாள், இன்னொருத்தி எவளுடைய போட்டோவாவது சிக்குமா என்று பார்ப்பாள். எல்லம்மா தேடியது கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து பாட்டிலை. அதுவும் வீட்டில் இல்லை, கண் ஆஸ்பத்திரி வார்டில், சனிக்கிழமை காலையில், பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க. தலையணை உறையைக் கழற்றி உதறினாள். போர்வையைப் பிரித்துப் பார்த்து மடித்தாள். கடைசியில் புருஷன் பெருமாள்சாமியின் லுங்கி மடிப்பிலேயே கையை வைத்துவிட்டாள்.

"மானத்த வாங்காத எல்லு. எல்லாரும் பாக்கறாங்க" என்றான் அவன். முகத்தின்மேல் ஈரத்துண்டு கிடந்தது.

"பாக்கட்டும். எனக்குக் கண்ணு தெரியற புருஷன் வேணும். மானத்த அப்புறம் பாத்துக்கலாம்."

மடிப்பில்தான் இருந்தது. கட்டைவிரல் தண்டிக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டில். எல்லம்மா அதை பாத்ரூமுக்குக் கொண்டுபோய் கடைசிச் சொட்டு வரை பிதுக்கிக் கழுவுதொட்டியில் ஊற்றினாள். காலிப் பாட்டிலைக் கீழே போட்டுச் செருப்பால் நசுக்கினாள். என்னமோ அந்த பாட்டில்தான் குடியைக் கெடுக்க வந்த எதிரி மாதிரி அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

ஆத்திரம் வராமல் என்ன செய்யும். வலது கண் போய்விட்டது. கருவிழி முழுக்க அவித்த முட்டையின் வெள்ளை மாதிரி ஆகிவிட்டிருந்தது. இடது கண்ணிலும் நடுவில் புண்தான், ஆனால் ஓரத்தில் கொஞ்சம் தெளிவு பாக்கி இருந்தது. எதிரில் நிற்பது யார், கட்டியிருப்பது என்ன நிறச் சேலை என்பதுவரை தெரிந்தது. அந்தக் கண்ணைக் காப்பாற்றத்தான் டாக்டர் லாவண்யா மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சின்ன வயசுப் பெண். கன்னடக்காரி, ஆனாலும் நோயாளிகளுக்காகத் தமிழை இழுத்துப் பிடித்துப் பேசுவாள்.

"நோடி அம்மா, இங்க பாருங்க, நான் தெளிவா சொல்லிடறேன். நாங்க கொடுக்கறது தவிர வேற ஒண்ணும் அந்தக் கண்ணுல போகக் கூடாது. வலி வரும், ரொம்ப ஜாஸ்தி வரும். வலிச்சா பயப்படாதீங்க. வலிச்சாத்தான் கண்ணுக்கு உயிர் இருக்கு. அந்த மருந்து வலிய மட்டும் மறைச்சுட்டு, புண்ண ஆற விடாம கருவிழிய அரிச்சுடும். அது திரும்பப் போச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

அந்த மருந்துக்கு என்னமோ வாயில் நுழையாத பெயர் ஒன்றை டாக்டரம்மா சொன்னாள். கண்ணில் கத்தி வைக்கும்போது மரத்துப் போவதற்காக டாக்டர்கள் விடுவதாம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பவே மாட்டார்களாம். எல்லம்மாவுக்கும் பெருமாள்சாமிக்கும், அந்தப் பக்கத்தில் கிரில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் அதற்கு வேறு பெயர். வெல்டிங் டிராப்ஸ். ஒரு மெடிக்கல் ஷாப்பில் அப்படிக் கேட்டாலே போதும், கடைக்காரர் தலையை நிமிர்த்தாமல் எடுத்துக் கொடுத்துவிடுவார். கண்ணுக்கு விடுகிற பாட்டில், மருந்துக்கடையில் விற்கிறது, வெல்டிங் என்றே பெயர். கெடுதல் செய்யும் என்று யாருக்குத் தோன்றும்?

பெருமாள்சாமி மஞ்சுநாத்தின் ஷெட்டில் இரும்பு கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிறவன். நீளமாகப் பற்றவைக்கும்போது கறுப்புக் கண்ணாடி பதித்த கைமறைப்பை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வான், அதில் குறை சொல்ல முடியாது. வினை எல்லாம் டாக் அடிக்கும்போதுதான். கம்பி நகராமல் இருக்க அங்கங்கே ஒரு பொட்டு வைத்து ஒட்டவேண்டும். இடது கை கம்பியை நேராகப் பிடித்திருக்கும், வலது கையில் பற்றவைக்கிற ராடு. மறைப்பைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? ராடை இடம் பார்த்து வைத்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடி, தலையை ஒரு பக்கம் திருப்பி, டப்பென்று ஒரு தட்டு. வெளிச்சம் போனதும் கண்ணைத் திறந்து அடுத்த இடம். ஊரில் பாதி கேட்டு இப்படித்தான் நிற்கிறது. ஆனால் கண் மூடுவதற்கும் பொறி கிளம்புவதற்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி உண்டு. அது போதாதென்று பக்கத்தில் பற்றவைக்கிறவனின் வெளிச்சம் வேறு பக்கவாட்டில் வந்து விழும். ஆளைத் தொடாமல், சத்தம் போடாமல் உள்ளே போகிற வெளிச்சம். அப்போது ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்த பிறகு இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்டுத் தேய்க்கிற மாதிரி ஆரம்பிக்கும். அதைச் சளி பிடித்திருக்கிறது என்பதுபோல, "கண்ணு அடிச்சிருச்சு" என்று சொல்லிக்கொள்வார்கள்.

தலையில் மாட்டுகிற முகமூடியை மஞ்சுநாத் வாங்கி வைக்காமல் இல்லை. ஏதோ பெரிய கட்டடத்தில் அது இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்று சொல்லிவிட்டதால் வாங்கினான். அந்த வேலை முடிந்ததும் முகமூடிகள் ஆணியில் தொங்கின. ஒன்றைக் கவிழ்த்து வைத்து அதில் போல்ட் நட்டு போட்டுக்கொண்டார்கள். வேர்க்குது, கழுத்து நோவுது, டாக் அடிக்கிற இடம் தெரியல என்று ஆளுக்கு ஒரு சாக்கு. அந்தச் சமயத்தில்தான் கூட வேலை செய்கிற நாகேஷ் வெல்டிங் டிராப்ஸைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான்.

அதுவரை எல்லம்மா உருளைக்கிழங்கைச் சீவிக் கண்மேல் வைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளரிக்காய், பன்னீர் என்று எல்லாம் பார்த்தாயிற்று. இந்த மருந்து ஜில்லென்று உள்ளே இறங்கியதும் சுவிட்சை அணைத்த மாதிரி வலி நின்றது. நோவு நின்றால் கண் ஆறிவிட்டது என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள். கொஞ்ச நாளில் இன்னொரு புத்தியும் வந்தது. அடித்த பிறகு போட்டால் வலி போகிறது, அடிப்பதற்கு முன்னாலேயே போட்டுக்கொண்டால் அடிக்கவே அடிக்காது அல்லவா? காலையில் ஷெட்டைத் திறந்ததும் நாகேஷும் பெருமாள்சாமியும் அண்ணாந்து நின்று ஒருவர் கண்ணில் ஒருவர் சொட்டு விட்டுக்கொண்டார்கள். அப்புறம் எதற்கு முகமூடி. நாள் முழுக்கப் பற்றவைத்துக் கை ஓய்ந்து வருகிற அன்றைக்கெல்லாம் வீட்டில் எல்லம்மாவே அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு விட்டிருக்கிறாள்.

மருந்தை ஊற்றிவிட்டு வந்த பிறகு பகல் ஏற ஏற வலியும் ஏறியது. பெருமாள்சாமி சாதாரணமாகக் கத்துகிற ஆள் இல்லை. சூட்டுக்கம்பி பட்டு உள்ளங்கை பொசுங்கியபோதுகூட உதறிவிட்டுச் சிரித்தவன். அவன் கட்டில் கம்பியில் தலையை முட்டிக்கொண்டான்.

"ஒரு சொட்டும்மே. ஒரே ஒரு சொட்டு. உன் கால்ல வேணா விழறேன்."

"வேணாம்யா. திங்கக்கிழம டாக்டரம்மா வந்துடுவாங்க. அதுவரைக்கும் பல்லக் கடிச்சுக்கினு இருய்யா."

"நீ கல்லுடி. கல்லுக்கும் உனக்கும் வித்தியாசமே இல்ல."

எல்லம்மா அவன் இரண்டு கையையும் பிடித்துத் தன் மடியில் அழுத்தி வைத்துக்கொண்டாள். விட்டால் தோண்டிவிடுவான் போலிருந்தது. நர்ஸ் வலி மாத்திரை கொடுத்தாள், அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. எல்லம்மா வாய்க்கு வந்ததை எல்லாம் பேசினாள். தான் சமைக்கப் போகிற வீட்டில் நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடியது, குழாயடியில் நடந்த சண்டை, எதுவும் அவன் காதில் ஏறவில்லை. இந்த மனுஷனை இப்படி அழவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

மத்தியானம் தாண்டி நாகேஷ் இளநீரோடு வந்தான். வாசலில் நின்றபடியே பார்த்தான். உள்ளே வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்து, "சாமி, நான்தான்" என்று சொல்லிப் பெருமாள்சாமியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டான். ஆம்பிளைகள் இரண்டு பேர் அப்படி அழுவதை வார்டே திரும்பிப் பார்த்தது. கொஞ்சம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லம்மாவிடம் திரும்பினான்.

"அக்கா, நீ போயி இன்னாவது சாப்ட்டு வா. மூஞ்சியப் பாரு எப்படிக் கீதுன்னு. நான் இருக்கறேன்ல."

அவளுக்கும் காலையிலிருந்து பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை. கீழே போய் இட்லி சாப்பிட்டாள். முகம் கழுவினாள். ஆலமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் ஒரு நிமிஷம் என்று உட்கார்ந்தவள் அப்படியே அசந்துவிட்டாள். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தால் வார்டு அமைதியாக இருந்தது. பெருமாள்சாமி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். நாகேஷ் உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று சைகை காட்டினான். எல்லம்மா அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

சாயங்காலம் எழுந்து தயிர்சாதம் சாப்பிட்டான், ஊறுகாய் இல்லையா என்று கேட்டான். ஊறுகாய்! அவளுக்குக் காதில் தேன் பாய்ந்தது.

"நோவு எப்படிக்கீது?"

"கீது, கொஞ்சம். தாங்கிக்கிலாம்."

"டாக்டரம்மா சொன்னாங்க பாத்தியா. பல்லக் கடிச்சுக்கினு இருந்தா சரியாப் போயிடும்னு."

"ஆமாமா. நீயும் அந்தம்மாவும் சேந்துக்கினு எனக்கு வைத்தியம் பாக்கறீங்க" என்று சிரித்தான். அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று. பக்கத்துக் கட்டில்காரனின் அம்மாவுக்கு எல்லம்மா தன் பங்கு வாழைப்பழத்தைக் கொடுத்தாள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அவன் அப்படியே இருந்தான். அடிக்கடி பாத்ரூமுக்குப் போய்வந்தான், அவ்வளவுதான். சர்க்கரை கிர்க்கரை இருக்குமோ, நாளைக்கு டாக்டரிடம் கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். மத்தியானம் தாண்டி, மாற்றுத் துணி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

ஞாயிறு என்றாலும், வீட்டுக்குப் போகிற வழியில் மஞ்சுநாத்தின் ஷெட் திறந்திருந்தது. நாகேஷ் ஒரு கேட்டின்மேல் குனிந்து இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துக் கண்ணை இறுக்க மூடியிருந்தான். எல்லம்மா அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவரில் வெளிச்சம் வெட்டி அணைந்ததும் கூப்பிட்டாள்.

"நல்லா இருப்ப நாகேஷு. நீ வந்துட்டுப் போன நேரம், அந்த மனுஷன் வயிறாரச் சாப்ட்டு நிம்மதியாத் தூங்குச்சு."

நாகேஷின் முகம் மலர்ந்தது. கண் இரண்டும் சிவந்து நீர் கோத்திருந்தது.

"தூங்கும்க்கா, ஏன் தூங்காது. சாமி கத்தறத என்னால பாக்க முடியல. தீந்துபோச்சுன்னா சொல்லு, இன்னொண்ணு வாங்கினு வந்து தர்றேன்."

"இன்னா தீந்துபோச்சுன்னா?"

"டிராப்ஸுதான். சொல்லலயா சாமி?"

எல்லம்மா ஷெட்டின் இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"அத போடக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாங்களேடா."

"டாக்டருக்கு இன்னாக்கா தெரியும். அவங்களுக்கு எப்பனா கண்ணு அடிச்சிருக்கா?" என்றான் நாகேஷ், கொஞ்சம்கூடக் கோபமில்லாமல், நியாயமாகவே. "தண்ணி மாதிரி ஊத்திக்காதன்னு சொல்லித்தான் குடுத்தேன்."

அவனைத் திட்டவேண்டும் என்று வாய் திறந்தாள். அவனும் அழுதுதான் கொடுத்திருக்கிறான். யாரைத் திட்டுவது? தன் மடியிலேயே புருஷன் தலையை வைத்துக்கொண்டு சொட்டு விட்டவள்தானே அவளும். துணி எடுக்க வந்ததை மறந்து எதிரில் வந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். வழியெல்லாம், ஒரு நாள்தானே, ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பெருமாள்சாமி ஜன்னல் பக்கம் திரும்பிக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முகத்துண்டை எடுத்து மடித்து வைத்திருந்தான். தலை வாரியிருந்தான். மேற்கு வெயில் நேராக அவன் முகத்தில் விழுந்தது. எல்லம்மா ஜன்னலை மறைத்து அவன் எதிரில் போய் நின்றாள். மூச்சிரைப்பு அடங்கவில்லை.

அவன் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினான். முகத்தில் ஒரு குறையும் இல்லை, அவ்வளவு சாந்தம்.

"யாரு, நர்சம்மாவா?" என்றான். "எங்க வீட்டம்மா துணி எடுக்கப் போச்சு. வந்தா நான் நல்லா இருக்கறேன்னு சொல்லுங்க, அது ஒரே பயந்த சுபாவம்."

எல்லம்மா குனிந்து பார்த்தாள். இடது கண் விரியத் திறந்திருந்தது. ஓரத்தில் இருந்த தெளிவைக் காணோம். கண்ணைத் துடைத்த பஞ்சிலிருந்து பிரிந்த ஒரு இழை விழிமேலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஜன்னல் காற்றுக்கு அதன் மறுமுனை எழுந்து, வெண்ணிறமாகிப்போன விழியைத் தடவி, மறுபடி எழுந்து, மறுபடி தடவியது. பெருமாள்சாமி இமைக்காமல் சிரித்தபடி, பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தான்.