நாலில் ஒன்று

என் மருமகளின் ரத்தத்தில் ஒரு குறை இருப்பதாக மருத்துவமனையில் சொன்னார்கள். அவளுக்கு அதனால் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் என் மகனுக்கும் அதே குறை இருந்தால், அவள் வயிற்றில் வளரும் மூன்று மாதக் குழந்தை ரத்தம் ஊறாத நோயோடு பிறக்கலாம். மகன் கப்பலில் இருந்தான். கரைக்கு வர இன்னும் ஆறு வாரம். ஆகவே ஆலோசனைக்கு அவளோடு நான் போனேன்.

ஆலோசகர் என் மகள் வயதுப் பெண். "உங்க பக்கம் யாருக்காவது ரத்த நோய் உண்டா ஐயா? சின்ன வயசுல தவறிப்போன குழந்தை?"

"எங்க குடும்பத்துல அப்படியெல்லாம் கிடையாது," என்றேன். என் அப்பா சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம். அதே குரலில் வந்தது.

மருமகள் சிரித்தாள். "மாமா எங்க கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுல மூணு தலைமுறைய விசாரிச்சவரு மேடம். தும்மினவங்க பேருகூட அவருக்குத் தெரியும்."

"அப்ப உங்க மகனும் ஊர்ல எல்லாரையும் போலத்தான். ஐம்பது பேருல ஒருத்தருக்கு இந்தக் குறை இருக்கும். அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் இருந்தா, குழந்தைக்கு நோய் வர நாலுல ஒரு வாய்ப்பு. ரெண்டையும் பெருக்கினா இருநூறுல ஒண்ணு. பயப்படற அளவு இல்ல."

அதோடு எழுந்து வந்திருக்கலாம். மருமகள்தான் கேட்டாள்: "ஒருவேளை அவருக்கும் இருந்து, இது தப்பிச்சுட்டா, அடுத்த குழந்தைக்கு வந்துடுமா?"

"இல்லம்மா. ஒவ்வொரு பிறப்பும் தனி. முன்னாடி பிறந்தது எப்படின்னு பின்னாடி வர்றதுக்குத் தெரியாது. எப்பவும் நாலுல ஒண்ணுதான்."

யாராவது தப்பாகப் பேசினால் எனக்கு வாய் நிற்காது. "அதெப்படிம்மா? நாலுல ஒண்ணுன்னா நாலுல ஒண்ணுதான். நாங்க கூடப் பிறந்தவங்க நாலு பேர். ஒண்ணு போச்சு, மூணு பேர் கல்லு மாதிரி இருக்கோம். வீட்டுக்கு வந்த பங்கு அதோட முடிஞ்சுதே!"

ஆலோசகரின் பேனா நின்றது. "யாரு ஐயா போனது?"

என் தங்கை. வெளுத்துப்போய், வயிறு பருத்து, ஐந்து வயதில் போனாள். அக்காவின் கல்யாணம் தடைபடும் என்று அப்பா அவள் படத்தைக்கூடச் சுவரில் விட்டுவைக்கவில்லை. என் மகனுக்கே அவளைத் தெரியாது. தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆலோசகர் புதுத் தாளில் நான்கு கட்டம் போட்டார். "இது அந்த நோயாத்தான் இருக்கணும். அப்ப உங்க அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் குறை இருந்திருக்கு. பிள்ளைங்களுக்கு ஒரு கட்டம் நோய், ரெண்டு கட்டம் குறை மட்டும், ஒண்ணு எதுவும் இல்ல. உங்களுக்கு நோய் இல்லன்னு தெரியும். அதனால அந்தக் கட்டத்த அடிச்சிடலாம்." அடித்தார். "மிச்சம் மூணு. அதுல ரெண்டுல குறை. உங்க மகனுக்கு அதுல பாதி, மூணுல ஒண்ணு. குழந்தைக்குப் பன்னிரண்டுல ஒண்ணு."

குழந்தை அதே குழந்தைதான். நான் மறைத்ததைச் சொன்னதும் எண் மாறிவிட்டது. அடித்த கட்டத்தில் என் தங்கை இருந்தாள்.

"என் ரத்தத்தப் பாத்தா?"

"குறை இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும். இல்லன்னா பயம் கிட்டத்தட்ட தீர்ந்துது. இருந்தா, மகனுக்குப் பாதிக்குப் பாதி. கப்பலுக்காகக் காத்திருக்காம, வயித்துல இருக்கற குழந்தைக்கு எடுக்கற சோதனையப் பத்திப் பேசலாம்."

ரத்தம் எடுக்கும் அறையில் சட்டைக் கையின் பொத்தான் என் விரலுக்கு அகப்படவில்லை. மருமகள் அதை அவிழ்த்து, மடித்து, முழங்கைக்கு மேல் ஏற்றினாள்.

"உங்க வீட்ட அவ்வளவு துருவினேன்," என்றேன்.

"கைய நீட்டுங்க மாமா." பிறகு கேட்டாள்: "உங்க தங்கச்சிய என்னன்னு கூப்பிடுவீங்க?"

"பொம்மி."

"பொம்மி அத்தை," என்று, என் மகன் கூப்பிட்டிருக்க வேண்டிய முறையில் சொல்லிப் பார்த்தாள். ஊசி ஏறியது. "எப்படி இருப்பாங்க?"

சொல்லத் தொடங்கினேன்.