நடுக்கச் சான்றிதழ்

ஓய்வு பெற்ற அதிகாரிகள் ஆண்டுக்கொரு முறை, தங்களைக் கண்டு நடுங்க இன்னும் ஒரு ஜீவனாவது மிச்சமிருக்கிறது என்று சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் வீட்டு வாசல் பலகையிலிருந்து பதவியை அழித்துவிடுவார்கள். மனிதர்களின் நடுக்கத்தை நம்புவதற்கில்லை. பாதிப் பேர் பழக்கதோஷத்தில் நடுங்குகிறார்கள், மீதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. ஆகவே, திருச்சி தில்லைநகரில் முட்டைப் பலகாரம் மட்டுமே விற்கும் ஜப்பான்காரம்மா கடைக்கு அந்தப் பொறுப்பு போயிற்று. முட்டையும் பாலும் சேர்த்து அவித்த புட்டிங் பொய்க்கு நடுங்காது.

தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற தெய்வசிகாமணி, செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குச் சலவைச் சட்டையில் அங்கே போனார். தாலுகா ஆபீசில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே கோப்புகள் தாமாகப் பிரிந்துகொள்ளும் என்பார்கள். என்பார்கள் என்ன, அவரேதான் சொல்வார். இப்போது அந்த மிடுக்கெல்லாம் செலவாகாமல் வீட்டில் கிடந்தது. மனைவி, "கொஞ்சம் காலைத் தூக்குங்க, பெருக்கணும்" என்கிறாள். பலகையும் போய்விட்டால் அந்த வீட்டில் அவர் யார்? இந்தப் பயத்தில் மனிதர் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, பாவம்.

கடைக்காரி யுமிக்கோ புட்டிங்கைத் தட்டில் கவிழ்த்து வைத்தாள். "சும்மா பாத்தாப் போதும் சார்."

பார்த்தார். கனைத்தார். "யோவ்" என்றார். "மெமோ குடுத்துருவேன்" என்றார். அது பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"வாசல்ல அசைவம்னு போர்டு போட்டிருக்கீங்க. அசையவே மாட்டேங்குதே?"

"அசைவம்தான் சார். ஆளைப் பொறுத்து அசையும்."

பக்கத்து மேஜையில் ரேஷன் கடை அமுதவல்லி இருந்தாள். சான்றிதழுக்கு வரவில்லை, இனிப்புத் தின்ன வந்தவள். போனில் யாரிடமோ, "பாமாயில் இன்னும் வரலை, அடுத்த வாரம் வாங்க" என்றாள். அவள் முன்னாலிருந்த புட்டிங் ஆடிய ஆட்டத்தில் தட்டோடு தரைக்கு வந்தது. யுமிக்கோ துடைத்துவிட்டு வேறொன்று வைத்தாள்.

தெய்வசிகாமணி மேல்முறையீடு செய்தார். மேல்முறையீட்டுக்கு, பஞ்சுபோல உப்பிய முட்டை அப்பம் வரும். வந்தது, அவரைப் பார்த்தது, மெல்ல அமுங்கியது. அவர் முகம் மலர்ந்தது.

"அது பெருமூச்சு சார். கணக்குல வராது."

வேறு வழியில்லாமல் மறுபடி புட்டிங்கிடம் குனிந்து நேருக்கு நேர் பார்த்தார். அதுவும் பார்த்தது. முதலில் அவருடைய வலது முழங்கால் ஆடியது, பிறகு இடது, பிறகு மீசை. எழுந்து நின்றார். கைகள் தாமாகவே மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டன. இருபத்தொன்பது வருஷம் அவர் முன்னால் மற்றவர்கள் நின்ற நிற்பு அது. உள்ளே இவ்வளவு குளிரும் என்று ஒருத்தனும் அவரிடம் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது.

யுமிக்கோ அவர் முழங்காலில் அளவுகோலை வைத்துப் பார்த்தாள். "ஏழு. நல்ல நடுக்கம்." சான்றிதழை எழுதி, முத்திரை குத்தி, புட்டிங்கின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். யாரைக் கண்டு யார் நடுங்க வேண்டும் என்று படிவத்தில் தனியாகக் கேட்கவில்லை.

செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? பட்டா மாற்றம், வாரிசுச் சான்று என்று மனுவும் கையுமாக ஜனங்கள் புட்டிங்கைப் பார்க்க வந்துவிட்டார்கள். அமுதவல்லி, இது தன் வேலைதானே என்று வரிசையை ஒழுங்குபடுத்தினாள். தன் வாசல் பலகையை மட்டும் கருணையோடு விட்டுவைக்கும்படி தெய்வசிகாமணியும் ஒரு மனு எழுதி, 'தங்கள் உண்மையுள்ள' என்று முடித்து, பதினாலாவது ஆளாக நின்றார். இரண்டு மணி நேரம் நின்றார். அவர் முறை வந்தபோது புட்டிங் சாப்பாட்டுக்குப் போயிருந்தது.